ஒண்ணாந்தேதி கையெழுத்து

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பெண் பேப்பரைச் சத்தமாகப் படித்தாள். விசாரணை என்று சொல்லி ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்திருக்கிறார்கள். அவள் இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வரிசையில் இருந்த எல்லாரும் அடித்தவனைத் திட்டினார்கள். பேச்சோடு பேச்சாக அவள் கடைசி வரியையும் படித்தாள். பெண் துணையை உடன் வைத்துக்கொண்டுதான் விசாரித்தோம் என்று போலீஸ் தரப்பில் சொல்லியிருக்கிறார்களாம்.

எனக்குக் காது அந்த வரியிலேயே நின்றுவிட்டது. கடைக்காரர் இரண்டு தடவை கார்டைக் கேட்டும் நான் நீட்டவில்லை. ஏனென்றால் பத்தொன்பது வருஷம் ஒரு ஸ்டேஷனில் அந்தப் பெண் துணையாக இருந்தது நான்தான்.

எங்கள் பகுதி மாதர் சங்கத்தில் அமுதா டீச்சர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், சங்கத்துப் பத்திரிகையில் போடலாம் என்றார். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதுவது பரவாயில்லை, எதிரே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எழுத்துப் பிழையை மட்டும் டீச்சர் திருத்தட்டும், மற்றதை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது லாரி அடித்துப் போய்விட்டார். மகளுக்கு அப்போது ஆறு வயது. கேஸ் எந்த ஸ்டேஷனில் பதிவானதோ அங்கேதான் பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தேன். மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. பெயர் வேண்டாம். பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர் என்று பேப்பரில் இருக்கும். காலை ஆறரைக்கு வந்து பெருக்கி, தண்ணீர் தெளித்து, குடம் நிரப்பி, கக்கூஸ் கழுவினால் வேலை முடிந்தது என்பார்கள். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் நான் வீட்டுக்குப் போன நாள் குறைவு. முதல் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். குனிந்து பெருக்கிக்கொண்டே இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் ஸ்டேஷன் ரைட்டர். ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அவர் கையில். ஏட்டு என்பதால் நான் ஏட்டையா என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் கேஸ் பேப்பர்களை அவரே ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் எடுத்துக்கொண்டு போனார். சின்னப் பிள்ளையோடு அலையாதீர்கள் என்று என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். இடையில் இரண்டு முறை மாற்றலாகியும் திரும்ப எங்கள் ஸ்டேஷனுக்கே வந்தவர். நாற்காலியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். எழுதியதையெல்லாம் உதடு அசையப் படித்துப் பார்ப்பார். கார்பன் தாளைக்கூட இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து வைப்பார். எல்லாரும் என்னை ஏ, இந்தாம்மா என்று கூப்பிட்டபோது அவர் ஒருவர்தான் பாக்கியம்மா, நீங்க என்பார். அவர் அங்கே இருந்த வரைக்கும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த நாளில் எங்கள் ஸ்டேஷனில் பெண் போலீஸ் கிடையாது. மகளிர் ஸ்டேஷனில் இருந்து அனுப்ப வேண்டும். அவர்களோ கோர்ட், பந்தோபஸ்து என்று போய்விடுவார்கள். ஒரு பெண்ணைக் கூட்டி வந்தால் சோதனை போடவும், கூட உட்காரவும் ஒரு பெண் வேண்டும் என்று சட்டம். அதற்கு நான்.

சோதனை என்றால் எனக்கு ஒரு முறை உண்டு. பழைய ரெக்கார்டு கட்டுகள் இருக்கும் ரூமில் பீரோவுக்குப் பின்னால் கூட்டிப்போவேன். மறைப்புக்கு ஒரு பழைய புடவையை அங்கேயே மடித்து வைத்திருந்தேன். ஜன்னல் கம்பியில் ஒரு நுனி, பீரோ கைப்பிடியில் ஒரு நுனி. தப்பா நெனச்சிக்காதம்மா என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன். சேஃப்டி பின், கொண்டை ஊசி, இடுப்பில் செருகிய சில்லறை. ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல ஏட்டையா வெளியே இருந்து எழுதுவார். பின்னை எடுத்துவிட்டால் முந்தானை நிற்காது. அதனால் என் புடவைக் கரையில் கிழித்த நாடாத் துண்டுகள் சிலதை எப்போதும் வைத்திருப்பேன், கட்டிக்கொள்ளக் கொடுப்பேன். வருகிறவள் திருடியாக இருந்தாலும் சரி, புருஷனை வெட்டினவளாக இருந்தாலும் சரி. பிறகு பெஞ்சில் பக்கத்தில் உட்காருவேன். பேச மாட்டேன். தண்ணீர் கொடுப்பேன். அவள் போனதும் அரைத் தாள் ஒன்றில் கையெழுத்துப் போடுவேன். விசாரணை முடியும் வரை நான் கூட இருந்தேன், பெண்ணுக்கு ஒரு துன்பமும் நடக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கும்.

கையெழுத்துப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எங்கள் தெருவில் பாதிப்பேர் கைநாட்டு. நான் த, ன, பா, க் என்று சுழித்துச் சுழித்துப் போடுவேன். எனக்கென்றே நீல மூடி போட்ட பேனா ஒன்றை ஏட்டையா தனியாக வைத்திருந்தார்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால் ஒரு மழைக்காலத்தில். விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காக என்னை வீட்டில் இருந்து திரும்ப வரச் சொன்னார்கள். நனைந்து காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தேன். ஏட்டையாவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி காலையில் டீ குடித்து முடித்ததும் பத்து அரைத் தாளை என் முன்னால் வைத்தார். "கீழ போட்டு வெச்சிடுங்க பாக்கியம்மா. தேவப்படறப்ப மேல நான் எழுதிக்கறேன். நீங்க மழையில வந்துக்கினு போயிக்கினு இருக்க வேணாம்." வெள்ளைத் தாள். நான் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் வழக்கமாகிவிட்டது. எனக்காக ஒருத்தர் இவ்வளவு யோசிக்கிறாரே என்று கண் கலங்கினதுகூட ஞாபகம் இருக்கிறது.

அஞ்சலை கதைக்கு வருகிறேன். அவள் உண்மைப் பெயர் வேறு.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஊர். முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலையில் இருந்தவள். அந்தத் தோல் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்துப் போயிருக்கும். அதை விட்டுவிட்டு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஒன்றில் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்தாள். அந்த வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரன் ஒருவன் சமையல் ரூமில் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். எழுதத் தெரியாது, வாயால் சொல்கிறேன் என்றாள். ஏட்டையா உட்காரச் சொன்னார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கியபோது அவள் கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். விரல் கறுப்பு, வளையல் பச்சை. அது மனசில் நின்றது.

மதியத்துக்கு மேல் அந்த வீட்டுக்காரர்களே காரில் வந்தார்கள். தங்கச் செயினைக் காணோம், வேலைக்காரிமேல் சந்தேகம் என்றார்கள். எஸ்.ஐ. அவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். அரை மணியில் புகார் கொடுக்க வந்தவள் புகாருக்கு ஆளானவள் ஆகிவிட்டாள். நான் சோதனை போட்டேன். இரண்டு பின், ஒரு கர்சீப். செயின் இல்லை. நாடாவை வாங்கிக் கட்டிக்கொண்டு, "நான்தானக்கா கம்ப்ளைண்ட் குடுக்க வந்தேன்?" என்று என்னிடம் கேட்டாள். பின்னையும் கர்சீப்பையும் ஏட்டையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலு மணிக்கு ஏட்டையா வந்து, லேடி கான்ஸ்டபிள் வந்துகொண்டிருக்கிறார், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். நான் துடைப்பத்தை மூலையில் வைத்தேன். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். லேடி கான்ஸ்டபிள் வந்ததும் போகலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. போய்விட்டேன்.

மறுநாள் காலை எஸ்.ஐ. ரூமைப் பெருக்கினபோது மேஜைக்கு அடியில் பச்சைக் கண்ணாடித் துண்டுகள். கை நிறைய இருந்த வளையல் முறத்தில் ஒரு பிடி இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதை வேப்பமரத்துக் குழியில் கொண்டுபோய்க் கொட்டினேன். குப்பையைப் பார்த்தால் கொட்டத்தான் கை போகும். அந்தக் கையை நான் என்ன சொல்வது.

சாயங்காலத்துக்குள் ஊரே பேசியது. லேடி கான்ஸ்டபிள் முந்தின நாள் வரவே இல்லையாம். உள்ளங்கால் வீங்கி நடக்க முடியாமல், இரண்டு விரல் முறிந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். செயின் அந்த வீட்டிலேயே தலையணை உறைக்குள் இருந்ததாம். அவள் ஊர்ப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். குள்ளஞ்சாவடி போகிற பஸ் எல்லாம் நின்றுவிட்டது. ஸ்டேஷன் கேட்டைச் சாத்தினார்கள். நான் உள்ளே குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு இருந்தேன். வெளியே ஒரு கிழவி குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "பொம்பளப் போலீசு கெடக்கட்டும்டா, ஒரு பொம்பளகூடவா உள்ள இல்ல?" என்றாள்.

முதலில் டி.எஸ்.பி. ஆபீசில் விசாரணை. என்னைக் கூப்பிட்டார்கள். ஏட்டையாவும் வந்திருந்தார். அதிகாரி அரைத் தாளைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்றார். ஆமாங்க என்றேன். ஆறு மணி வரைக்கும் இருந்தாயா என்றார். ஏட்டையா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான், "இருந்தேங்க" என்றேன். ஒரு வார்த்தைதான். ரூமில் ஆறேழு ஆம்பளைகள். எப்போது வெளியே விடுவார்கள் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே நினைப்பு. பயமும் நன்றியும் கலந்து கிடந்தது என்று சொல்லலாம். அதெல்லாம் பிறகு யோசித்துச் சொல்வது. அப்போது வாயில் வந்தது பொய்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். கையில் கட்டு. கூட அவள் நாத்தனார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் மகள் பாயைப் போட்டாள். அஞ்சலை உட்கார்ந்து, காலை நீட்ட முடியாமல் மெதுவாக மடக்கினாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, நீ என் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தியாமே?"

நான் கதவை விட்டு வெளியே வந்தேன்.

"பேப்பர்ல அப்பிடித்தான் எழுதியிருக்குதுன்னு வக்கீல் படிச்சிக் காட்டுனாரு. எனக்கு நெனப்பே வரல. மயக்கத்துல கெடந்தனா, இன்னான்னு தெரியல. நாலு மணிக்கு நீ போனதக் கண்ணால பாத்தனே. அது கனவாக்கா?"

அவள் நாத்தனார் இடையில் புகுந்து, இவள் பொய்க்காரி, எழுந்திரு என்றாள். அஞ்சலை கையமர்த்தினாள். "இரு. படிச்சவங்க எழுதுனது. நான்தான் தப்பா நெனச்சிக்கினு இருக்கனோ இன்னாவோ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ இருந்தியா இல்லியான்னு மட்டும் சொல்லிடு. இருந்து பாத்துக்கினு இருந்தேன்னு சொன்னாகூட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எனக்குப் புத்தி பேதலிக்கலன்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

அடித்ததை அவளால் தாங்க முடிந்தது. நடந்தது நடந்ததுதானா என்ற சந்தேகத்தைத் தாங்க முடியவில்லை. அந்தச் சந்தேகத்தை அவளுக்குள் போட்டது எஸ்.ஐ. இல்லை. சுழித்துச் சுழித்துப் போட்ட என் கையெழுத்து.

"கனவு இல்லம்மா. நான் வூட்டுக்கு வந்துட்டேன்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெரிய மூச்சு விட்டாள். "பாத்தியாடி, நான் சொன்னேன் இல்ல" என்று நாத்தனாரிடம் சொல்லி லேசாகச் சிரித்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., நடத்தும் விசாரணை இருந்தது. அதில் வந்து சொல்லு என்று அவள் கேட்கவே இல்லை.

அந்த விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் ஏட்டையா வந்தார். அவர் என் வீட்டுக்கு வந்தது அது ஒரு தடவைதான். நாற்காலி இல்லாததால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். என் மகள் படிப்பைப் பற்றிக் கேட்டார். தனக்கு இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்றார். அன்றைக்கு எஸ்.ஐ. எழுதச் சொன்னார், தாளை எடுத்து எழுதினேன், அந்த ரூம் பக்கமே நான் போகவில்லை என்றார். அதை நான் நம்புகிறேன். கிளம்பும்போது, "நான் உங்ககிட்ட நல்லபடியாத்தானே நடந்துக்கினேன் பாக்கியம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஏட்டையா" என்றேன். அதுவும் உண்மை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அஞ்சலை, இந்தப் பக்கம் எஸ்.ஐ., ஏட்டையா, வக்கீல்கள். ஆர்.டி.ஓ. சின்ன வயதுக்காரர். தாளை என்னிடம் கொடுத்து, "படிச்சிப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?" என்றார்.

"இல்லீங்க."

"படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். போடறப்ப இதுல எழுத்தே இல்லீங்க."

எழுதிக்கொண்டிருந்த ஆர்.டி.ஓ. பேனாவை நிறுத்தினார். "எழுத்து இல்லன்னா?"

"வெள்ளத் தாளுங்க. ஒண்ணாந்தேதி காலைல டீ குடிச்சப்புறம் பத்து தாள்ல போடுவங்க. இந்தப் பொண்ணு வந்தது பதினேழாந்தேதிங்க."

ஒரு வக்கீல் எழுந்து, அப்படியானால் முதலில் சொன்னது பொய்யா என்றார். ஆமாங்க என்றேன். வேலை போய்விடும் தெரியுமா என்றார். தெரியுங்க என்றேன். பச்சை வளையல் துண்டைப் பெருக்கியதையும் கொட்டின இடத்தையும் யாரும் கேட்காமலே சொன்னேன். வாய் வராதவளுக்கு அன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. பேச்சு நிற்கவில்லை. வேப்பமரத்துக் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். துண்டுகள் இருந்தன.

எஸ்.ஐ. சஸ்பெண்ட் ஆனார். கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. அஞ்சலைக்குக் கிடைக்க வேண்டியதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. இரண்டு விரல் கடைசி வரைக்கும் மடங்கவில்லை. ஏட்டையாவைத் தண்டனையாகத் தூரத்தில் போட்டார்கள். ரிட்டையர் ஆன பிறகு ஒரு தடவை வடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவரே கிட்டே வந்து, நல்லா இருக்கீங்களா என்றார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். அப்புறம், "உங்களுக்கு நல்லது செய்றதாத்தான் நெனச்சேன்" என்றார். எனக்கும் அது தெரியும். மழையில் நனையாமல் இருக்க நான் வாங்கிக்கொண்ட சௌகரியத்துக்கு இன்னொருத்தி விரல் போனது. இரண்டு பேரும் பஸ் வரும் வரைக்கும் சேர்ந்தே நின்றோம்.

என் வேலை போகவில்லை. இந்த விஷயம் பேப்பரில் வந்துவிட்டதால் என்னை நீக்கப் பயந்தார்கள். ஸ்டேஷனில் ஒரு வருஷம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் பெண் துணை வேண்டும் என்றால் திரும்ப என்னைத்தான் கூப்பிட வேண்டி இருந்தது. நான் ஒன்றே ஒன்று செய்தேன். அந்தப் பெண் ஸ்டேஷன் படியை விட்டு இறங்குகிற வரைக்கும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். பிறகு எழுதின தாளை வாங்கி விரல் வைத்துப் படிப்பேன். மெதுவாகத்தான் வரும். துன்புறுத்தல் என்ற வார்த்தையைக் கடக்கவே எனக்கு நேரம் ஆகும். காலி இடம் இருந்தால் குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். புதிதாக வந்த கான்ஸ்டபிள் பையன்கள், "கலெக்டர் கையெழுத்துகூடச் சீக்கிரம் வாங்கிடலாம், பாக்கியம்மா கையெழுத்துக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கினு வரணும்" என்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு தடவை ஒரு இன்ஸ்பெக்டர், நேரமாச்சு போம்மா, நாங்க பாத்துக்கறோம் என்றார். அந்தப் பொண்ணு போகட்டுங்க, பின்னாடியே போயிடறேன் என்றேன். இரண்டு முறை வெளியே வந்து பார்த்தார். பிறகு அவளை அனுப்பிவிட்டார்.

பெண் போலீஸ் வந்து, கேமரா வந்து, நானும் ரிட்டையர் ஆகி ஐந்து வருஷம் ஆகிறது. எல்லாம் மாறிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது இந்தப் பேப்பர் செய்தி.

நேற்று சங்கத்தோடு டவுன்ஷிப் வாசலில் இருக்கும் ஆர்ச் கேட் பக்கம் போய் நின்றேன். அமுதா டீச்சர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். கோஷம் போட எனக்கு வரவில்லை. அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். அடித்தவனைக் கைது செய் என்று எல்லாரும் கத்தினார்கள். கத்த வேண்டியதுதான். எனக்கு மட்டும் அந்தப் பெண் துணை யாராக இருக்கும் என்றே ஓடியது. அவளும் ஒரு நல்லவரிடம் கடன்பட்டவளாக இருக்கலாம். அவளுக்கும் வீட்டில் பிள்ளை காத்திருந்திருக்கும்.

பக்கத்தில் நின்றவளிடம் மெல்லக் கேட்டேன். அவள் இன்னொருத்தியைக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் பெயரும் தெருவும் கிடைத்துவிட்டது. அங்கே பெருக்குகிறவள்தான். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன். திட்டப் போகவில்லை. புத்தி சொல்லவும் போகவில்லை. பாயில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அஞ்சலை என்னைக் கேட்டதை அவளிடம் கேட்டுவிட்டு வருவேன். நீ அங்க இருந்தியாம்மா?